ரவுட்டரின் டோக்கன் நோட்டு

உங்கள் வீட்டுக்கு வரும் இன்டர்நெட் இணைப்பு ஒன்றுதான். ஆனால், அப்பாவின் லேப்டாப், அம்மாவின் செல்போன், ஹாலில் இருக்கும் டி.வி., அக்காவின் கம்ப்யூட்டர் என்று அந்த ஒன்றிலேயே எத்தனை ஒட்டிக்கொண்டிருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். அக்கா கேட்ட கணக்குப் பாடம் அக்காவுக்கும், நீங்கள் கேட்ட கார்ட்டூன் உங்களுக்கும் சரியாக வந்து சேர்கிறது. ஒரு நாளாவது மாறிப் போயிருக்கிறதா?

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். திருவிழா நாளில் அங்கே நூற்றுக்கணக்கான ஜோடிகள் கிடக்கும். அதில் பாதி ஒரே மாதிரி இருக்கும்! ஆனாலும், 47ம் எண் டோக்கனை நீட்டினால் உங்கள் செருப்பு உங்கள் கைக்கு வந்துவிடும். அங்கே யாரும் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை, டோக்கனைப் பார்த்துத்தான். உங்கள் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

இந்த டோக்கன் வேலை எதற்காக வந்தது?

இன்டர்நெட்டில் பேச முகவரி வேண்டும். அதற்கு 'ஐ.பி. முகவரி' என்று பெயர். நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 256ஐ நான்கு முறை எழுதிப் பெருக்கிப் பாருங்கள். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வரும். மொத்தமே அவ்வளவு முகவரிகள்தான். இன்டர்நெட்டின் முன்னோடியான 'ஆர்ப்பாநெட்', 1983 ஜனவரி 1ல் இந்த முறைக்கு மாறியபோது, அதில் இருந்த கம்ப்யூட்டர்கள் சில நூறுதான். அவர்களுக்கு இது கடல் போலத் தெரிந்திருக்கும்!

பத்து வருஷம் போவதற்குள் கடல் வற்றத் தொடங்கியது. 1994ல் கெல்ட் ஈகெவாங், பால் பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதி வெளியிட்டனர். வெளியே தெரிய ஒரு முகவரி. உள்ளே இருப்பவற்றுக்கு வேறு முகவரிகள். வாசலில் நிற்பவர் மாற்றி மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டியது. அதே ஆண்டில், 'இவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும்' என்று சில எண்களைத் தனியே ஒதுக்கினார்கள். 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றில் ஒரு வகை. ஆகவே உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், எதிர் வீட்டிலும் அதே இருக்கலாம். சண்டை வராது; ஏனென்றால் அந்த எண் வாசலைத் தாண்டுவதே இல்லை.

சரி, இப்போது நோட்டைத் திறப்போம். உங்கள் கம்ப்யூட்டர் 192.168.1.5, அக்காவுடையது 192.168.1.8. நீங்கள் கார்ட்டூன் கேட்டதும் ரவுட்டர், '50001 - இது 5ம் எண்காரருக்கு' என்று குறித்துக்கொள்கிறது. அக்கா பாடம் கேட்டதும், '50002 - இது 8ம் எண்காரருக்கு'. பிறகு உள் முகவரியை அழித்து, வீட்டின் வெளி முகவரியையும் டோக்கனையும் எழுதி அனுப்புகிறது. பதில் அதே டோக்கனுடன் திரும்பி வரும். ரவுட்டர் நோட்டைப் பார்த்து உரியவரிடம் கொடுத்துவிடும். இந்த டோக்கனின் உண்மையான பெயர் 'போர்ட் எண்'. அது 65,535 வரை போகும். கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தால் அந்த வரியை ரவுட்டர் அடித்துவிடும்.

கார்ட்டூனும் முழுசாக வருவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக வருகிறது; ஒரு துண்டு பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள்தான். உங்கள் துண்டு, அக்காவின் துண்டு, மறுபடி உங்களுடையது என்று கலந்து வருவதால்தான் ஒரே வயர் எல்லோருக்கும் போதுகிறது. அண்ணன் பெரிய சினிமாவை டவுன்லோடு செய்தால் உங்கள் விளையாட்டு திக்கித் திணறுவதும் இதனால்தான். வரிசையில் அவன் துண்டுகளே நிறைய!

முன்பு இதற்கெல்லாம் தனிப்பெட்டி பல வீடுகளில் கிடையாது. 1999ல் வந்த 'விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு', ஒரு கம்ப்யூட்டரையே வாசல் காப்பவராக ஆக்கியது. போன் லைன் அதில் வந்து சேரும். அதிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு வயர் போகும். முதல் கம்ப்யூட்டரை அண்ணன் அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் தம்பியின் இன்டர்நெட்டும் தூங்கிவிடும்! ரவுட்டர் என்பதும் குட்டிக் கம்ப்யூட்டர்தான். திரை மட்டும் இல்லை.

ஒரு விஷயம் கவனியுங்கள். நோட்டு வீட்டுக்குள் இருக்கிறது. வெளியே இருப்பவருக்கு உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே முகவரிதான். வை-பை பாஸ்வேர்டை முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்லி, அவர் அதில் யாரையாவது மிரட்டி ஏதாவது எழுதினால், தேடி வருபவர்களுக்குக் கிடைப்பது உங்கள் வீட்டு இணைப்பின் முகவரி. யார் எழுதியது என்று அந்த எண் சொல்லாது. பதில் சொல்ல வேண்டியது அப்பாவும் அம்மாவும்தான். 'பிரெண்டு கேட்டான்' என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்கும் முன் வீட்டில் கேளுங்கள். பல ரவுட்டர்களில் விருந்தாளிகளுக்கென்றே தனி வை-பை வைக்கும் வசதி உண்டு.

இத்தனை சிக்கனம் செய்தும், 2011 பிப்ரவரி 3ல் உலகப் பொதுக் கிட்டங்கியில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. சில நிறுவனங்கள் ஒரு வெளி முகவரியையே பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. அங்கே இன்னும் பெரிய டோக்கன் நோட்டு! 'ஐ.பி.வி.6' என்ற புது முறையில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கொடுக்கலாம். இரண்டு முறையும் இப்போது சேர்ந்தே ஓடுகின்றன.

உங்கள் வீட்டில் எது ஓடுகிறது? பெரியவர்களிடம் கேட்டுவிட்டு இரண்டு செல்போன்களை வாங்கிக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்து, வை-பை மட்டும் வையுங்கள். வை-பை செட்டிங்கில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள், இரண்டிலும் கடைசி எண் வேறாக இருக்கும். அடுத்து, 'வாட் இஸ் மை ஐ.பி.' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். இரண்டு போனும் புள்ளி வைத்த ஒரே எண்ணைக் காட்டினால், அதுதான் உங்கள் இணைப்பின் வெளி முகவரி. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து நீளமாக வந்தால் அது ஐ.பி.வி.6. அதையும் இரண்டாக மடக்கி ஒப்பிடுங்கள்: முன் பாதி இரண்டு போனிலும் ஒன்றாக இருக்கும்; பின் பாதி ஆளுக்கு ஒன்று!