முதல் இசைத்தட்டும் உடனின்ற துணைவரும்

அலிபாபாவின் கதையிலே குகைக் கதவைத் திறந்த மந்திரச் சொல்லைச் சிறுவரும் அறிவர். ஆங்கிலத்தில் 'ஓப்பின் செசமி' எனப்படும் அச்சொல்லே, அமெரிக்க ட்றம்பெற் கலைஞர் பிரெடி ஹபாட் தம் தலைமையில் அளித்த முதல் இசைத்தட்டின் பெயராகும். இசையுலகின் கதவு அவருக்கு எவ்வாறு திறந்தது என்பதை ஈண்டு நோக்குவாம்.

ஹபாட் 1938 ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரிற் பிறந்தவர். 1960 ஆம் ஆண்டு யூன் 19 ஆம் நாள், நியூ ஜேர்சியில் றூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்திலே, புளூ நோட் நிறுவனத்தார் இத்தட்டைப் பதிவு செய்தனர். அன்று ஹபாட்டின் வயது 22. பியானோ வாசித்த மக்கோய் ரைனரின் வயது 21. சாம் ஜோன்ஸ் பேஸ் வாசித்தார். கிளிபோட் ஜார்விஸ் டிரம்ஸ் வாசித்தார். ரீனா புறூக்ஸ் ரெனர் சக்சபோன் ஊதினார்.

ஜாஸ் இசையின் இயல்பு யாது? முதலிற் குழுவினர் ஒரு மெட்டை வாசிப்பர். பின்னர் அம்மெட்டுக்கு அடிப்படையான சுரக்கூட்டுகளின் வரிசை மீண்டும் மீண்டும் வர, ஒவ்வொருவரும் தத்தம் கற்பனையால் அவ்வப்பொழுதே புதிய இசையைப் புனைவர். ஈற்றில் முதல் மெட்டு மீளும். ஆதலின் தலைவனின் பெயரொன்றே அட்டையில் விளங்கினும், ஆக்கம் ஐவர்க்கும் உரியது.

இத்தட்டில் உள்ளன ஆறு உருப்படிகள். அவற்றுள் ஹபாட் இயற்றியது ஒன்றே. தட்டுக்குப் பெயர் தந்த உருப்படியும், 'ஜிப்சி புளூ' என்பதும் புறூக்ஸ் இயற்றியவை. ஏனைய மூன்றும் பிறர் பாடல்கள். ஹபாட்டின் நாதம் ஒளியும் வேகமும் உடையது. புறூக்ஸின் நாதமோ கனிவும் ஏக்கமும் கலந்தது. இவ்வேறுபாடே தட்டுக்கு உயிராயிற்று.

ஆறு நாள் கழித்துப் புறூக்ஸின் தலைமையில் 'ட்றூ புளூ' என்னும் தட்டுப் பதிவாயிற்று. அதில் ஹபாட் துணைநின்று ஊதினார். புளூ நோட் வரிசையில் இவ்விரண்டின் எண்களும் 4040, 4041 என அடுத்தடுத்து நிற்பன. ஆயின் இருவர் வாழ்வும் ஒருவழிச் சென்றில. ஹபாட் 1961 இல் ஆட் பிளேக்கியின் குழுவிற் சேர்ந்து பெரும்புகழ் எய்தி, 2008 இல் மறைந்தார். புறூக்ஸ் 1974 இல், 42 ஆம் வயதிற் காலமானார். அவர் தலைமையிற் பதிவான நான்கனுள் 'ட்றூ புளூ' ஒன்றே அவர் வாழ்நாளில் வெளிவந்தது. எஞ்சியவை அவர் மறைந்த பின்னரே வெளிவந்தன.

ஒருவனின் முதல் வெற்றியைப் போற்றுங்கால், அதற்குத் தோள்கொடுத்தோரையும் ஒருசேர எண்ணுதல் கடன். ஹபாட்டுக்குக் கதவைத் திறந்த மந்திரத்தை இயற்றியவர் புறூக்ஸ் என்பதை இத்தட்டைக் கேட்போர் மறவாதிருப்பாராக.