ஆக்ஸ்போர்டில் நான்கு இரவுகள்



உங்கள் பிள்ளைகளில் ஒருவர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து சென்றிருக்கலாம். அல்லது அடுத்த ஆண்டு செல்வதற்காக இப்போதே தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கலாம். மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் ஒற்றை அறை வீடுகளில் வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று உலகின் பழைமையான பல்கலைக்கழகங்களின் வாசல்களில் போய் நிற்கிறார்கள். அவர்கள் பட்டம் பெறும் நாளில் அருகில் இருக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவது இயல்பே. விமானச் சீட்டைக் குறித்து மாதக்கணக்கில் யோசிக்கிறோம். விசாவுக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். எங்கே தலைசாய்ப்பது என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறோம். நானும் என் மனைவியும் அப்படித்தான் செய்தோம். எங்கள் மகள் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் ஓராண்டு முதுகலைப் படிப்பை முடித்திருந்தாள். 2023 நவம்பரில் அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்குச் சென்று, அந்நகரத்தில் நான்கு இரவுகள் ஒரு மலிவு விலை விடுதியில் தங்கினோம். அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சிலவற்றைப் பயன்கருதிச் சொல்லுகிறேன். ஒன்றை வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

முதலாவது, விடுதியைப் பதிவு செய்யும் விதம். அந்நாட்டு விடுதிகளில் ஒரே அறைக்கு இரண்டு விலைகள் இருக்கும். குறைந்த விலையில் எடுத்தால் பணம் திரும்பக் கிடைக்காது. சற்றுக் கூடுதலாகச் செலுத்தினால் குறிப்பிட்ட நாள் வரையில் ரத்து செய்துகொள்ளலாம். சிக்கனம் என்று எண்ணி நான் முதல் வகையில் பணத்தைக் கட்டிவிட்டேன். விசா தாமதமானதால் பயணத் தேதி மாறியது. கட்டிய பணம் போயிற்று. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கும் அதிகமாக விற்கும் காலத்தில் அந்த இழப்பு எங்களைப் போன்ற குடும்பத்துக்குச் சிறியதல்ல. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆகையால் விசா கையில் வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறையையே எடுத்து வையுங்கள்.

ஆக்ஸ்போர்டில் 1096-ஆம் ஆண்டிலேயே கல்வி கற்பிக்கப்பட்டதற்குச் சான்று உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதைவிடப் பழைய பல்கலைக்கழகம் இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் நகரத்தின் நடுவிலே நெருங்கி நிற்பதால், மையப்பகுதியில் விடுதிகளுக்கு இடம் குறைவு, விலையோ அதிகம். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு மூன்று பருவங்கள் நடக்கிறது. ஒவ்வொன்றும் எட்டு வாரங்கள். அக்டோபர், ஜனவரி, ஏப்ரல் மாதங்களில் அவை தொடங்குகின்றன. விடுமுறை நாட்களில் பல கல்லூரிகள் மாணவர் அறைகளை வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. சிறு கட்டில், ஒரு மேசை, புத்தக அலமாரி, சில இடங்களில் பொதுக் குளியலறை. காலை உணவு பழைய கல்லூரிக் கூடத்தில். கோடையில் செல்லுகிறவர்கள் அதை முதலில் விசாரிக்க வேண்டும். ஆனால் நவம்பர் மாதம் பருவத்தின் நடுவில் வருவது. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பட்டமளிப்பு பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடப்பதால், அந்த வார இறுதியில் அறை விலை ஏறிவிடும் என்பதையும் அங்கே போன பின்பே அறிந்துகொண்டோம்.

ஆகவே நகரத்தின் கிழக்கே, புறவழிச்சாலையின் ஓரத்தில் ஒரு விடுதியை எடுத்தோம். பெயர் வேண்டாம், அத்தகையவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் இடத்தைச் சொல்லுகிறேன், அது உங்களுக்குப் பயன்படும். ஹீத்ரூ விமான நிலையத்திலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆக்ஸ்போர்டு வருகிற பேருந்துகள் நகருக்குள் நுழையுமுன் தார்ன்ஹில், ஹெடிங்டன் என்னும் இடங்களில் நிற்கின்றன. விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து நகர மையத்துக்கு அடிக்கடி பேருந்து உண்டு. பெட்டிகளைச் சுமந்துகொண்டு நகரத்துக்குள் போய்த் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை.

அறை சுத்தமாயிருந்தது. ஒரு பெரிய கட்டில், ஒரு தொலைக்காட்சி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில், தேயிலைப் பொட்டலங்கள், அவ்வளவே. குழாய்த் தண்ணீரைத் தாராளமாய்க் குடிக்கலாம். நம்முடைய பிளக் அங்கே பொருந்தாது. சதுர முனைகள் கொண்ட அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறையில் வாளியும் குவளையும் இருக்காது. அதைவிட முக்கியம், தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. நம் வீட்டுப் பழக்கத்தில் தண்ணீரை வாரி ஊற்றினால் அது கீழ்த்தளத்து அறையின் கூரையில் போய் இறங்கும். என் மனைவி ஒரு கடையில் சமையல் அளவைக்கு விற்கும் பிளாஸ்டிக் குவளையை வாங்கிவந்து, தொட்டிக்குள் உட்கார்ந்து குளித்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த நாட்டின்மேல் நல்ல எண்ணம் வந்தது. கெட்டிலில் முட்டை அவிக்கும் சகோதரர்கள் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடுத்து வருகிறவர் அதில்தான் தேநீர் போட வேண்டும் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளட்டும். சோறு வேண்டுமானால் மாட்லின் பாலத்தைக் கடந்து கவ்லி சாலைக்குச் செல்லுங்கள். தெற்காசிய மளிகைக் கடைகளும் உணவகங்களும் அங்கே உண்டு.

இனி, வெட்கத்தோடு சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன்.

நவம்பரில் நமது நேரம் இங்கிலாந்தைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. அங்கே நள்ளிரவு இரண்டரை மணி என்றால் நமக்குக் காலை எட்டு. முதல் இரவு அந்த நேரத்துக்கே இருவரும் விழித்துக்கொண்டோம். விழித்தால் ஜெபிப்பது எங்கள் வழக்கம். ஜெபித்தால் சத்தமிட்டு ஜெபிப்பது எங்கள் சபையின் வழக்கம். முழங்காற்படியிட்டு, பயணத்துக்காகவும் மகளுக்காகவும் சபைக்காகவும் ஒருமணி நேரம் ஜெபித்தோம். சுவருக்கு அப்பாலிருந்து மூன்று முறை தட்டும் சத்தம் கேட்டது. நான் அதைக் குழாயின் சத்தம் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அப்படி எண்ணிக்கொள்ள விரும்பினேன். இரண்டாம் இரவு சற்றுத் தாழ்ந்த குரலில் ஜெபித்ததாக நாங்கள் நினைத்தோம். மூன்று மணிக்கு அறையின் தொலைபேசி ஒலித்தது. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன், பக்கத்து அறையிலிருப்பவருக்கு உறக்கம் கெடுகிறது என்றார்.

எனக்குள் எழுந்த முதல் எண்ணம் மனஸ்தாபம் அல்ல, கோபம். ஜெபத்துக்குத் தடையா என்று நினைத்தேன். இந்த நகரத்தில்தானே 1555-இல் லாடிமரையும் ரிட்லியையும், 1556-இல் கிரான்மரையும் விசுவாசத்தினிமித்தம் எரித்தார்கள் என்றுகூட எண்ணம் ஓடிற்று. இன்றைக்கு எழுதும்போது சிரிப்பாயிருக்கிறது. ஒரு மனிதன் உறக்கம் கேட்டதற்கு நான் இரத்தசாட்சிகளின் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.

காலை உணவு வேளையில் அந்த மனிதரைக் கண்டோம். எழுபதைக் கடந்த ஆங்கிலேயர். தேய்ந்த கம்பளிச் சட்டை. அவரே எழுந்து எங்கள் மேசைக்கு வந்தார். அவருடைய மனைவி ஹெடிங்டனிலுள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் படுத்திருந்தாள். தம் வீடு இரண்டுமணிப் பயணத் தொலைவில் இருப்பதால், பத்து நாட்களாக அவர் இந்த விடுதியில் தங்கியிருந்தார். மாலையெல்லாம் அவளருகில் இருந்துவிட்டு வந்து, ஒருமணிக்குமேல்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுமாம். நாங்கள் ஜெபித்தது அந்த நான்கு மணி நேரத்துக்குள்தான்.

வாசகரே, மலிவு விடுதி என்றால் சுற்றுலாப் பயணிகள் தங்குமிடம் என்றே நான் எண்ணியிருந்தேன். அன்று அந்த உணவறையைச் சுற்றிப் பார்த்தேன். சாலை வேலை செய்யும் மஞ்சள் சட்டைக்காரர்கள், நேர்காணலுக்கு வந்திருந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்குப் போக நேரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள். படம் பிடிக்கும் கருவியைக் கழுத்தில் மாட்டியிருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், அது என்ன மொழி என்று கேட்டார். தமிழ் என்றேன். இவ்வளவு சத்தமாக என்ன கேட்டீர்கள் என்றார். மகளுக்காக, சபைக்காக என்று சொன்னேன். சற்று நேரம் தம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம் மனைவியின் பெயரைச் சொல்லி, அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மெல்லிய குரலில், என்றார்.

அன்று சனிக்கிழமை. 1669-இல் கட்டி முடிக்கப்பட்ட ஷெல்டோனியன் அரங்கத்தில் விழா நடந்தது. கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த கட்டடம். இருக்கைகள் கடினமானவை, முதியோர் ஒரு சால்வையை மடித்துக்கொண்டு போவது நல்லது. சடங்கு லத்தீன் மொழியில் நடக்கிறது. பட்டதாரிகள் முதலில் பழைய அங்கியோடு வந்து வணங்குகிறார்கள். வெளியே சென்று, பெற்ற பட்டத்துக்குரிய புதிய அங்கியை அணிந்து மீண்டும் உள்ளே வருகிறார்கள். எங்கள் மகள் இரண்டாம் முறை வந்தபோது என் மனைவிக்கு அடையாளம் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. மொழி புரியாத ஆராதனையில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படியிருக்கும் என்பதும் எனக்கு அன்று தெரிந்தது.

மாலையில் மகள் எங்களைச் சிறைச்சாலைக்கு அழைத்துச் சென்றாள். பழைய கோட்டையோடு சேர்ந்த அந்தச் சிறை 1996-இல் மூடப்பட்டது. இப்போது சிறைக்கூடங்களை இணைத்து அறைகளாக்கி ஆடம்பர விடுதியாக நடத்துகிறார்கள். அதன் ஒரு நாள் வாடகையைப் பயணத்துக்கு முன்பே கணினியில் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். ஜான் வெஸ்லி கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் படித்து, 1726-இல் லிங்கன் கல்லூரியில் ஆசிரியராய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1730 முதல் அவரும் நண்பர்களும் இந்தக் கோட்டைச் சிறையிலிருந்த கைதிகளைச் சந்தித்து வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பலர் அவர்களைக் கேலி செய்தார்கள். அன்று கடனாளிகள் அடைபட்டுக் கிடந்த வளாகத்திற்கு இன்று பணமுள்ளவர்கள் விரும்பி வந்து உறங்குகிறார்கள். அதன் முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அதற்குக் கட்டணம் இல்லை.

கட்டணமில்லாதவை அங்கே வேறும் உண்டு. 1683-இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நாள் முழுவதும் செலவிடலாம். பிராட் தெருவில் மூன்று ஆயர்களும் எரிக்கப்பட்ட இடத்தைச் சாலையில் பதித்த ஒரு சிலுவை காட்டுகிறது; சைக்கிள்கள் அதன்மேல் போகின்றன. தமிழர்கள் தவறவிடக் கூடாதது வால்டன் தெருவிலுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம். ஜி. யு. போப் அங்கே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். 1839-இல் சென்னைக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகையிலும் ஊழியம் செய்தவர். ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1886-இல் திருக்குறளையும், எண்பது வயதில், 1900-இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1908-இல் மரித்தார். கல்லறையில் தம்மைத் தமிழ் மாணவன் என்று அவர் எழுதச் சொன்னதாக மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். அந்த வாசகம் அங்கே இல்லை. குடும்பத்தாரோடு தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் பொறித்திருக்கிறது. இனிமேல் மேடையில் அதையே சொல்லுவேன்.

மீதி இரண்டு இரவுகளும் இரண்டரை மணிக்கே விழிப்பு வந்தது. அறையில் ஜெபிக்காமல், கீழே வரவேற்பு மேசைக்கு எதிரே இருந்த நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். அன்னாள் உதடு மட்டும் அசைய ஜெபித்ததைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றுதான் செய்து பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை; சத்தம் நின்றதும் நினைவுகளும் எங்கெங்கோ ஓடின. என் மனைவி ஒருமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இது பழக்கமா என்று கேட்டேன். சமையலறையில் முப்பது வருடமாக இப்படித்தான் என்றாள்.

புறப்படுகிற நாளில் அந்தப் பெரியவர் காலை உணவுக்கு வரவில்லை. மருத்துவமனைக்கு முன்னமே போயிருக்கலாம். வரவேற்பு மேசையில் ஒரு சிறு கடிதம் எழுதி வைத்துவிட்டு வந்தோம். அவருடைய மனைவியின் பெயர் இன்னும் எங்கள் ஜெபக் குறிப்பேட்டில் இருக்கிறது.

மும்பைக்குத் திரும்பிய மறுவாரம், எங்கள் வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் மராத்தியக் குடும்பத்துக்கு இனிப்பு கொடுக்கச் சென்றேன். பதினெட்டு ஆண்டுகளாக அயலார். நாங்கள் தினமும் நான்கரை மணிக்கு ஜெபிப்பது உங்களுக்கு இடைஞ்சலாயிருக்கிறதா என்று முதல்முறையாகக் கேட்டேன். அந்தச் சகோதரர் சிரித்து, இல்லை இல்லை என்றார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார். கேட்டதால் சொல்லுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைமணி நேரம் தள்ளி வைக்க முடியுமா என்றார்.

இப்போது ஞாயிறுகளில் ஐந்து மணிக்குத் தொடங்குகிறோம்.