மைத்துனன் பிடிக்கும் கயிறு

ஹைதராபாத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது ஏ.எஸ்.ராவ் நகர். அங்கிருந்து விடியற்காலையில் காரைக் கிளப்பி, நகரத்தைக் குறுக்கே கடந்து ஸ்ரீசைலம் சாலையைப் பிடித்தால் காலைப் பலகாரத்துக்கு மன்னனூர் போய்விடலாம். அங்கே வனத்துறையின் சோதனைச்சாவடி. இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதைத் தாண்டினால் நல்லமலைக் காடு, அமராபாத் புலிகள் காப்பகம். பரப்பு 2,611 சதுர கிலோமீட்டர்.

தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் உள்ளே போகப் போக அப்பாபூர், மல்லாபூர், ராம்பூர் என்று சின்னச் சின்னக் குடியிருப்புகள் வரும். ஊர் என்று சொல்லவே தயக்கமாக இருக்கும். சிலவற்றில் வீடுகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். இவற்றுக்குப் பெயர் ‘பெண்ட்டா’. சமவெளித் தெலுங்கில் அந்தச் சொல்லுக்குக் குப்பைமேடு என்று அர்த்தம். காட்டுக்குள் அது செஞ்சு பழங்குடியினரின் ஊர்.

செஞ்சு என்ற பெயர் தமிழருக்குப் புதிதில்லை. திருமங்கையாழ்வார் பாடிய சிங்கவேள்குன்றமான அகோபிலம் இதே நல்லமலையில், ஆந்திரப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே நரசிம்மர் மணந்த செஞ்சுலட்சுமி இந்த இனத்துப் பெண் என்பது கதை. ஆகவே பெருமாள் இவர்களுக்கு வீட்டு மாப்பிள்ளை. சங்கராந்தியை ஒட்டித் தொடங்கும் பாருவேட்டை உற்சவத்தில் அவர் பல்லக்கில் ஊர் ஊராகப் போய்த் தன் கல்யாணத்துக்கு அழைப்பு வைப்பார்.

சம்பந்தி உறவுக்குச் செஞ்சு மக்கள் எவ்வளவு மதிப்பு கொடுக்கிறார்கள் என்பதைத் தேனெடுக்கும்போது பார்க்கலாம். மலைத்தேனீ செங்குத்துப் பாறையிலும் கூடு கட்டும். கொடியில் முறுக்கிய கயிற்றில் தொங்கியபடி ஒருவன் இறங்கி, புகை காட்டித் தேனீக்களை விரட்டிவிட்டு அடையை அறுப்பான். அவன் உயிர் மேலே கயிறு பிடித்து நிற்பவன் கையில். அந்த வேலைக்கு அண்ணன் தம்பியைக் கூப்பிடுவதில்லை, மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எந்த மைத்துனன் விடுவான் என்பது கணக்கு.

தேனோடு பிசினும் சேகரித்து ‘ஜி.சி.சி.’ எனப்படும் கிரிஜன் கூட்டுறவுக் கழகத்துக்கு விற்பார்கள். சாப்பாட்டுக்குக் காட்டுக்கிழங்கும் இலுப்பைப் பூவும் கை கொடுத்த காலம் உண்டு. இப்போது ரேஷன் அரிசியும் சேர்ந்துகொண்டது.

இவர்கள் வாழ்க்கையை முதலில் விரிவாக எழுதியவர் வியன்னாக்காரரான கிறிஸ்டோஃப் ஃபான் ஃப்யூரர்-ஹைமண்டார்ஃப். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கையில் ஜெர்மன் பாஸ்போர்ட்டோடு இந்தியாவில் மாட்டிக்கொண்ட மானுடவியலாளர் அவர். நிஜாம் சமஸ்தானத்துக்குள் இருந்துகொள்ள அனுமதி கிடைத்தது. 1940-ல் செஞ்சு மக்களிடம் போனார்; 1943-ல் புத்தகம் வந்தது. அந்த ஆண்டுகளிலேயே நிஜாம் அரசு இவர்களுக்கென்று அமராபாத் பீடபூமியில் ஏறக்குறைய 1,00,000 ஏக்கர் காட்டை ஒதுக்கியது.

பிறகு புலி வந்தது, அதாவது புலிக்கான சட்டம் வந்தது. 1983-ல் நல்லமலை புலிகள் திட்டத்துக்குள் சேர்ந்தது. 2014-ல் மாநிலம் பிரிந்தபோது தெலங்கானா பக்கம் அமராபாத் காப்பகமாயிற்று. காப்பகத்தின் மையப்பகுதியை விட்டு வெளியேறச் சம்மதிக்கும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய், அல்லது வெளியே நிலமும் வீடும் என்கிறது அரசு. சர்லபள்ளி, குடிச்சிந்தலபைலு போன்ற ஊர்களின் பெயர் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டின் மேல் இவர்களுக்குள்ள உரிமையை 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. கிராம சபை சம்மதிக்காமல் யாரையும் நகர்த்த முடியாது. பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் நினைத்தால் வெளியே போகலாம் என்று தோன்றும். காடு தெரிந்த கை வெளியே போய் என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி.

புலிக்கு அடுத்து யுரேனியம். இங்கேதான் ஏ.எஸ்.ராவ் நகர் மறுபடி வருகிறது. அந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த அய்யகாரி சாம்பசிவ ராவ், 1967-ல் அணுசக்தித் துறையின் கீழ் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தொடங்கியவர். அணு உலைகளுக்கு எரிபொருள் தயாரிக்கும் வளாகமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதே துறையின் கனிமப் பிரிவு அமராபாத்தில் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனியம் தேட அனுமதி கேட்டது. 2019 மே மாதம் மத்திய வனக் குழு கொள்கையளவில் தலையாட்டியது. பெண்ட்டாக்களில் கிளம்பிய எதிர்ப்பில் ஹைதராபாத்காரர்களும் கலந்துகொண்டார்கள். செப்டம்பரில் சட்டமன்றம் யுரேனியம் வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

2022 மார்ச்சில் அப்பாபூருக்கு வந்தவர் ஒரு தமிழர். அப்போதைய தெலங்கானா ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன். ஊட்டச்சத்துத் திட்டத்துக்காக அவர் தேர்ந்தெடுத்த ஆறு பழங்குடிக் கிராமங்களில் அதுவும் ஒன்று.

தார்ச்சாலையை விட்டு வெளியார் நினைத்தபடி காட்டுக்குள் நுழைய முடியாது. தெலுங்குச் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் பாதை திறக்கும். ராம்பூர் பெண்ட்டா வரை வண்டியில் வந்து, அங்கிருந்து பள்ளத்தாக்குக்குள் நடந்து இறங்கினால் அருவியும் குகையில் லிங்கமும். அதுதான் சல்லேஸ்வரம். பூசாரி செஞ்சுக்காரர். “வஸ்துன்னாம் லிங்கமய்யா” (வருகிறோம் லிங்கமய்யா) என்று சத்தம் போட்டபடி ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குவார்கள். ஏறும்போது “போயி வஸ்தாம்” (போய் வருகிறோம்) என்று விடைபெறுவார்கள். கூட்டம் கலைந்ததும் வனத்துறை பாதையை அடைத்துவிடும். உள்ளே பெண்ட்டாவில் அடுத்த தேனெடுப்புக்குக் கயிறு முறுக்குவார்கள்.