சூரியகாந்தி எண்ணெய், பச்சைப்புல், பிரசவ வலி... மூன்றையும் இணைக்கும் கொழுப்பு!

வெள்ளகோவில் வட்டாரத்தில் எண்ணெய் வித்துகளுக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம். பக்கத்து முத்தூரில் கொப்பரை ஏலம். காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலைகள். நடுவே, கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப்புல் மேயும் காங்கேயம் மாடுகள்.

விதையில் பிழியும் எண்ணெயிலும் மாடு கடிக்கும் புல்லிலும் இருப்பவை கொழுப்பு அமிலங்கள்தான். ஆனால், வகை வேறு. மாடு சினை பிடிப்பது முதல் பெண்களின் பிரசவம் வரை அந்த வகைக்கும் ஒரு பங்கு உண்டு.

எலிகள் சொன்ன சேதி

1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். வால் செதில் செதிலானது, வளர்ச்சி குன்றியது, பெண் எலிகளின் இனப்பெருக்கச் சுழற்சி தாறுமாறானது. சில கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அவைதாம் ஒமேகா-6, ஒமேகா-3 குடும்பங்கள்.

வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-6. ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். பச்சைப்புல்லில் கொழுப்பே குறைவு. ஆனால், இருப்பதில் பெரும்பங்கு ஒமேகா-3.

21 நாள் கணக்கு

ஊசி போட்ட மாடு 21 நாளில் மறுபடி கத்தினால், 'சினை நிக்கலை' என்கிறோம். உள்ளே நடப்பது என்ன?

கருமுட்டை வெளியேறிய இடத்தில் ஒரு மஞ்சள் திசு உருவாகி, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனைச் சுரக்கும். 16, 17-ம் நாள் வாக்கில், கரு இல்லையென்றால் கருப்பை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அனுப்பி அந்தத் திசுவை அழிக்கும். மாடு மீண்டும் பருவத்துக்கு வரும். கரு இருந்தால், அது தன் பங்குக்கு ஒரு புரதத்தைச் சுரந்து இதைத் தடுக்க வேண்டும். கரு பலவீனமாக இருந்து சேதி தாமதமானால், சினை கலைந்துவிடும்.

மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவர டாக்டர்கள் போடும் ஊசிகளில் ஒன்றும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டால் கரு கலைவது அதனால்தான்.

இந்தப் பொருளை உடல் தயாரிப்பது ஒமேகா-6-லிருந்து. ஒமேகா-3 அந்த வேலையில் போட்டிக்கு நின்று, உற்பத்தியைக் குறைக்கிறது. ஒமேகா-3 கூடிய தீனி கொடுத்த கறவை மாடுகளில் கருச்சிதைவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளிலும் அப்படி வரவில்லை.

எண்ணெயை ஊற்றினால் போதுமா?

போதாது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இந்த எண்ணெய்களில் பெரும்பகுதியை வேறு கொழுப்பாக மாற்றிவிடும். தீனியின் உலர் எடையில் கொழுப்பு 6, 7 சதவிகிதத்தைத் தாண்டினால் நார்ச்சத்துச் செரிமானமே கெடும்.

சோளத்தட்டையும் பிண்ணாக்கையும் மட்டும் நம்பாமல், முடிந்தவரை பசுந்தீவனம் சேர்ப்பதே எளிய வழி. காய்ந்த தீவனத்தில் ஒமேகா-3 பெருமளவு போய்விடும். அதேசமயம் சினை நிற்காததற்குச் சத்துக்குறைவு, தாது உப்புக் குறைபாடு, கருப்பைத் தொற்று, ஊசி போடும் நேரம் தப்புவது என்று காரணங்கள் பல. இரண்டு, மூன்று ஊசிக்கும் நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தீனி பார்க்காமல் மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள்.

இனி நம் அடுப்படி

மாதவிலக்கு வலிக்கும் பிரசவ வலிக்கும் கருப்பையைச் சுருங்க வைப்பதில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரும்பங்கு உண்டு. வலி வராத கர்ப்பிணிகளுக்கு மருத்துவமனையில் வைக்கும் ஜெல்லில் இருப்பதும் இதுதான்.

அப்படியானால் ஒமேகா-3 குறைப்பிரசவத்தைத் தடுக்குமா? 70 ஆய்வுகள், ஏறத்தாழ 20,000 பெண்களை வைத்து 2018-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வில், 34 வாரத்துக்கு முந்தைய பிரசவம் ஆயிரத்துக்கு 46 என்பது 27 ஆகக் குறைந்திருந்தது. ஆனால், அடுத்த ஆண்டே 5,500 கர்ப்பிணிகளிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. ஒமேகா-3 ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கே இது உதவக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. எனவே, மீன் எண்ணெய் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் சேர்க்கத் தடையில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள் வாரம் இருமுறை போதும். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சைவம் என்றால் வறுத்துப் பொடித்த ஆளி விதை, அக்ரூட். சூரியகாந்தி எண்ணெயை ஒதுக்க வேண்டியதில்லை. ஒமேகா-6-ம் உடலுக்குத் தேவைதான். அதை மட்டுமே நம்பாமல் கடலெண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றிப் பயன்படுத்துங்கள்.

உண்மையில் தள்ள வேண்டியது டிரான்ஸ் கொழுப்பு. அது கூடக் கூட, கருமுட்டை சரியாக வெளியாகாத பிரச்னையும் கூடுவதாக 2007-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு சொன்னது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். ஆனால், பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சாமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.