வாள் நேராக வெட்டுகிறதா?

2009இல் யுத்தம் முடிந்து தண்ணீரூற்றுக்குத் திரும்பிய பல குடும்பங்கள் கதவு, ஜன்னல் நிலைகளைப் புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. நம்ம தோட்டங்களிலும் இதே தேவைதான். மூலை 90 பாகை இல்லாவிட்டால் கதவு சாத்தாது. காசு கொடுத்து வாங்கின மரமும் வீண்.

மின்வாளைச் சோதிப்பது லேசு. ஒரே அகலமான கழிவுப் பலகையைக் குறுக்கே வெட்டுவோம். ஒரு துண்டை மட்டும் குப்புறப் புரட்டி, இரண்டையும் நேரான சட்டத்தில் அணைத்து, வெட்டிய முனைகளைச் சேர்த்துப் பார்ப்போம். இடைவெளி தெரிந்தால் வாளின் பிழை அதில் பாதி.

திருத்துமுன் பிளக்கைக் கழற்றணும். பலகை அணைக்கும் சட்டத்தின் போல்ட்டைத் தளர்த்தி, மூலைமட்டத்தை வாள்பல்லில் முட்டாமல் தகட்டோடு ஒட்டவைத்து, சட்டத்தை அதற்கு நேராக்கி இறுக்கணும். மறுபடி வெட்டிப் பார்த்த பிறகே நல்ல மரத்தில் கை வைப்போம்.