4கே என்று எழுதியிருக்கிறது, நெட்ஃபிளிக்ஸ் ஏன் மங்குகிறது?

 எதை வாங்குவது, ஃபயர் ஸ்டிக்கா, ஷாவ்மியா, ஆப்பிளா, இல்லை சென்னை ரிச்சி தெருவில் இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும் பெட்டியே போதுமா என்று வாசகர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்: பெட்டியின் மேல் 4கே என்று போட்டிருக்கிறது, யூடியூப் பளிச்சென்று தெரிகிறது, நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் மட்டும் படம் மங்கல். டிவியை மாற்றிப் பார்த்தவர்கள்கூட இருக்கிறார்கள். டிவி மேல் தப்பில்லை, நெட் வேகத்தின் மேலும் இல்லை.

‘4கே’ என்று அச்சிட்டிருப்பதற்கு அர்த்தம், பெட்டியிலிருந்து டிவிக்குப் போகும் எச்.டி.எம்.ஐ. வயரில் 3840க்கு 2160 புள்ளிகள் போகும் என்பது மட்டுமே. உள்ளே வருகிற படம் வெறும் 480 வரிகளாக இருந்தாலும் அதை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்றே அனுப்பிவிடும். அச்சிட்டது பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது.

உள்ளே எந்தத் தரம் வரலாம் என்பதை முடிவு செய்வது ஒரு பூட்டு. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் அதன் பெயர் வைட்வைன். அதைச் செய்த நிறுவனத்தை 2010இல் கூகுள் வாங்கியது. ஆப்பிளுக்கு ஃபேர்ப்ளே என்று தனிப் பூட்டு. படைப்பாளிகளின் உரிமையைப் பாதுகாக்கும் ஏற்பாடு என்பது நிறுவனங்கள் தரும் விளக்கம். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டியை நம்பலாமா கூடாதா என்று தூரத்தில் இருக்கும் ஒரு சர்வர் ஒவ்வொரு முறையும் விசாரிக்கும் ஏற்பாடு என்பது என் விளக்கம்.

அது வேலை செய்யும் விதம் கெட்டிக்காரத்தனமானது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ரகசியச் சாவியை வைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு படத்தை அழுத்தியதும், பூட்டிய படத்தைத் திறக்க அனுமதி கேட்டு பெட்டி தன் அடையாளத்தைக் காட்டுகிறது. சிப்புக்குள் தனியாகப் பிரித்து வைத்த பாதுகாப்பான பகுதியிலேயே படத்தைத் திறந்து, அங்கேயே விரித்து, வேறு எந்த மென்பொருளும் எட்டிப் பார்க்காமல் திரைக்கு அனுப்பும் வசதி இருந்தால் அது எல்1. மென்பொருளை மட்டும் நம்பித் திறக்கிற பெட்டி எல்3. ஒரே படத்தின் எஸ்.டி., எச்.டி., 4கே வடிவங்களுக்குத் தனித்தனிச் சாவிகள் வைக்க முடியும்; எல்3 என்று தெரிந்தால் சர்வர் எஸ்.டி. சாவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடும். கடையில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தாலும் சர்க்கரை கார்டுக்கு அரிசி கிடையாது, அந்தக் கதைதான். யூடியூபின் சாதாரண வீடியோக்களுக்கு இந்தப் பூட்டே இல்லை. அதனால்தான் அங்கே மட்டும் பளிச்.

எல்1 இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸுக்குப் போதாது. அவர்கள் தனியாகச் சோதித்து ஒப்புதல் கொடுத்த பெட்டிகளில்தான் டிவிக்கான ஆப் ஏறும். மற்றவற்றில் விற்பவர்கள் செல்போன் ஆப்பைத்தான் ஏற்றித் தருகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம்: ரிமோட்டில் மேலே கீழே அழுத்தினால் படங்களுக்கு இடையே தாவாமல், மவுஸ் அம்புக்குறியைத் திரையில் நகர்த்தி நகர்த்தி அழுத்த வேண்டியிருந்தால் அது போன் ஆப். ரிமோட்டில் சிவப்பு நெட்ஃபிளிக்ஸ் பட்டன் இருப்பதை நம்ப வேண்டாம். பட்டன் அடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

சாவியைப் பிறகு இணையம் வழியாக அனுப்ப முடியாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். 2018இல் ஒன்பிளஸ் 5, 5டி போன்களில் எல்3 மட்டும் இருப்பது தெரிந்து சர்ச்சையானபோது, எல்1 வேண்டுமென்றால் போனையே கூரியரில் திருப்பி அனுப்பச் சொன்னது அந்த நிறுவனம். கடைக்காரர் “அப்டேட் வந்ததும் சரியாகிவிடும் சார்” என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

என்னை உறுத்துவது இன்னொன்று. இந்த அடையாளங்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. கூகுளின் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் 2015இல் வந்தது. அதற்குள் வைத்திருந்த டிஜிட்டல் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. 2025 மார்ச் 9 அன்று அது முடிந்ததும் உலகம் முழுக்க அந்தக் கருவிகள் நின்றுபோயின. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த கருவி ‘நம்பத்தகாதது’ ஆகிவிட்டதாகச் செய்தி காட்டியது. சில நாளில் கூகுள் சரிசெய்து அனுப்பியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேதி எந்த விளம்பரத்திலும் இல்லை, வாங்கியவருக்கும் யாரும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையில் போடுகிறார்கள், இதில் ஏன் போடக்கூடாது?

இத்தனை பூட்டும் திருட்டை நிறுத்தியதா என்றால் அதுவும் இல்லை. ஓ.டி.டி.யில் புதுப் படம் வந்த சில மணி நேரத்தில் டெலிகிராமில் துல்லியமான பிரதி சுற்றுகிறது. சந்தா கட்டியவர்தான் 480இல் பார்க்கிறார்.

பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே எச்.டி.சி.பி. என்று இன்னொரு பூட்டு இருக்கிறது. 4கேவுக்கு அதன் 2.2 பதிப்பு வேண்டும். இடையில் பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது இருந்து அதற்கு 2.2 தெரியவில்லை என்றால் தரம் இறங்கிவிடும். இதன் முதல் தலைமுறையின் மூலச் சாவி 2010இலேயே கசிந்ததை இன்டெல் ஒப்புக்கொண்டது என்பது உபரித் தகவல்.

இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு வருவோம். அதில் மங்கலான படம் சின்னப் பிரச்சினை. கூகுளின் சான்று பெறாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் கெடுமென்பொருள் ஏறியே வருகிறது என்று 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட இந்த வலையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாக அடுத்த மாதமே கூகுள் நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்தது. உங்கள் வீட்டு இணைப்பின் வழியாக வேறு யாரோ தங்கள் காரியத்தைச் செய்துகொள்வார்கள். விசாரணை வந்தால் முகவரி உங்களுடையது. அமைக்கும்போதே கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும் பெட்டியை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மிச்சமிருக்கும் பெட்டிகளில் ஆப்பிள் டிவி 4கே 2022இல் 14,900 ரூபாய்க்கு வந்தது. லேன் வயர் செருக வேண்டுமென்றால் 16,900 ரூபாய் மாடல்தான். விலை அநியாயம் என்றாலும், குரோம்காஸ்ட் வந்த அதே 2015இல் வெளியான ஆப்பிள் டிவிக்கு இன்றும் புதுப்பிப்பு வருகிறது; பத்து வருஷக் கணக்குப் போட்டால் விலை அவ்வளவு உறுத்தாது. ஃபயர் ஸ்டிக்கில் பூட்டுத் தொல்லை இல்லை, முகப்பு முழுக்க விளம்பரம். அமேசான் இப்போது வேகா என்ற சொந்த இயங்குதளத்துக்கு மாறத் தொடங்கியிருக்கிறது, வேகா ஓடும் மாடலில் வெளியிலிருந்து ஆப் ஏற்ற முடியாது. ஷாவ்மி பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் முறையாக ஓடும். புதுப்பிப்பை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஃபயர் ஸ்டிக்கோ ஷாவ்மியோ போதும் என்பது என் தீர்ப்பு.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நெட்ஃபிளிக்ஸ் 199 ரூபாய் திட்டத்தில் 4கே வருமா? வராது, 720தான்; 4கேவுக்கு 649 ரூபாய்.

எவ்வளவு நெட் வேகம் வேண்டும்? 4கேவுக்கு 15 எம்.பி.பி.எஸ். போதும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜி.பி. வரை தின்னும்.

ஸ்டிக் அடிக்கடி அணைந்து அணைந்து வருகிறதே? டிவியின் யு.எஸ்.பி.யிலிருந்து பிடுங்கி, கூட வந்த அடாப்டரில் செருகுங்கள்.

அரசு கேபிள் பெட்டியை எடுத்துவிடலாமா? எல்லாச் சேனலும் நேரலையாக வேண்டுமென்றால் எடுக்காதீர்கள்.

பிராட்பேண்ட்காரர் இலவசமாகத் தரும் பெட்டி? இணைப்பை விட்டால் பெட்டியைத் திருப்பித் தரவேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் டிவிக்குப் பெட்டி தேவையா? ஆப்கள் தடங்கலில்லாமல் ஓடும்வரை தேவையில்லை.

எதை வாங்கினாலும் அன்றைக்கே நெட்ஃபிளிக்ஸில் ‘டெஸ்ட் பேட்டர்ன்ஸ்’ என்று தேடி ஓடவிடுங்கள். என்ன தரத்தில் வருகிறது என்று திரையிலேயே எண்ணாகக் காட்டும். நீங்கள் கட்டும் திட்டத்துக்கு உரிய எண் வராவிட்டால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள்.