எஃகுக் குண்டுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில், மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் ஆகும். முன்னது ஆண்டாள் அவதரித்த பதி. ஆடிப்பூரத் தேரால் புகழ் பெற்றது. பின்னது பஞ்சாலைகளால் வளர்ந்த நகர். இவ்வூர்களைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து பள்ளி நோக்கிக் காலைதோறும் மிதிவண்டிகள் வருகின்றன. தேரும் ஆலைப்பொறியும் மிதிவண்டியும் தோற்றத்தால் வேறானவை. ஆயினும் அச்சை நம்பிச் சுழலும் உறுப்பை உடையன என்னும் வகையில் ஓரினத்தைச் சேர்ந்தவை. பெருந்தேர் ஓடுதற்குச் சிறிய அச்சாணி இன்றியமையாதது என்பதை வள்ளுவர் அன்றே எடுத்துக்காட்டினார். இக்காலப் பொறிகளில் அவ்வச்சாணியினும் சிறிய பொருள் ஒன்று பெருஞ்சுமையைத் தாங்கி நிற்கிறது. அதுவே எஃகுக் குண்டு.

மாட்டுவண்டியின் சக்கரம் தரையின்மேல் உருளுகிறது. ஆனால் குடத்தின் உள்ளே நிகழ்வது உருளுதல் அன்று, உராய்தல். அச்சின் முனையும் குடத்தின் உட்புறமும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. அதனாலன்றோ வண்டிக்காரர் அச்சுக்கு மை இடுகின்றனர்! உராய்தலினும் உருளுதல் எளிது. பெரும்பாறையைத் தரையில் இழுத்துச் செல்லப் பலர் வேண்டும். அதன் அடியில் உருளைக் கட்டைகளை இட்டால் சிலரே போதும். அக்கட்டைகளின் பணியை அச்சுக்கும் குடத்துக்கும் இடையே நின்று செய்வன எஃகுக் குண்டுகள். குண்டுகளும் அவை ஓடும் பள்ளங்களும் சேர்ந்த அமைப்பு குண்டுத் தாங்கி எனப்படும். கடைத்தெருவில் அதனைப் பேரிங் என்பர். சிறுவர் விளையாட வாங்கிச் செல்லும் 'பால்ரஸ் குண்டு' இத்தாங்கியிலிருந்து கழித்துப் போட்டதே.

1794-ஆம் ஆண்டில் வேல்சு நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர், வண்டி அச்சில் குண்டுகளை அமைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் எல்லாக் குண்டுகளையும் ஒரே அளவாகக் கடையும் வழி அக்காலத்தில் இல்லை. செர்மனி நாட்டின் சுவைன்பர்ட் நகரில் பிரீடரிக் பிசர் என்பவர் 1883-இல் குண்டுகளைத் தேய்த்து உருட்டும் பொறியை அமைத்த பின்னரே இக்கலை தொழிலாயிற்று. இதில் இராசபாளையத்தார் ஆர்வத்தோடு கேட்கத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க்கு நகரில் ஒரு துணியாலையின் பொறிகளைப் பேணி வந்தவர் சுவென் விங்குவிசுட்டு. ஆலை நின்ற இடம் களிமண் நிலம். கட்டடம் சிறிது இறங்கினாலும் நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டிலிருந்து பிறழ்ந்தன. தாங்கிகள் இறுகிப் பழுதாயின. தண்டு சற்றே சாய்ந்தாலும் தானே இணங்கிக் கொடுக்கும் இருவரிசைக் குண்டுத் தாங்கியை அவர் 1907-இல் படைத்தார். அரிய கருவி பலவும் ஆய்வுக்கூடத்திலேயே பிறப்பன என்று எண்ணுதல் பொருந்தாது. பஞ்சும் எண்ணெயும் படிந்த ஆலைத்தளத்திலும் அவை பிறக்கும்.

1936-இல் இராசபாளையத்தில் நூற்பாலை தோன்றியது முதல் அவ்வூரில் பேரிங் என்னும் சொல் பழகிய சொல்லாயிற்று. ஆலைப்பொறிகளில் உள்ள மூடிய தாங்கியில் குண்டுகளை மட்டும் மாற்றுதல் கூடாது. உள்வளையம், வெளிவளையம், குண்டுகள் ஆகிய மூன்றும் மைக்ரான் கணக்கில் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு தேர்ந்து இணைக்கப்பட்டவை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆதலின் அங்குத் தாங்கி முழுவதையுமே மாற்றுவர். அதற்கு உதவுவது வளையத்தில் பொறித்துள்ள எண். காட்டாக, 6204 என்னும் எண்ணின் ஈற்றில் உள்ள 04 என்பதை ஐந்தால் பெருக்கினால் 20 வரும். உள்துளை 20 மில்லிமீட்டர் என்பது பொருள்.

மிதிவண்டியின் நிலை வேறு. அதன் குடத்தில் கிண்ணமும் கூம்பும் தனித்தனியே உள்ளன. கடைக்காரர் இவற்றைக் கப், கோன் என்பர். இடையிலுள்ள குண்டுகளை எளிதில் எடுத்து மாற்றலாம். நம் நாட்டு மிதிவண்டிகள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரக் குடத்துக்கு 3/16 அங்குலக் குண்டுகள் பக்கத்துக்குப் பத்தும், பின்சக்கரக் குடத்துக்கு 1/4 அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு ஒன்பதும் வேண்டும். கைப்பிடித் தண்டிலும் மிதிகட்டையிலும் 5/32 அங்குலக் குண்டு பெரிதும் வழங்கும். 

இங்கேதான் கண் ஏமாறுகிறது. 5/32 அங்குலம் என்பது 3.969 மில்லிமீட்டர். கடையில் 4 மில்லிமீட்டர்க் குண்டும் கிடைக்கும். உள்ளங்கையில் இரண்டையும் வைத்து இது வேறு, அது வேறு என்று கூற எவராலும் இயலாது. பள்ளி ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவி மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கையே காட்டும். அதுவும் இவ்வேறுபாட்டை அறியாது. நூறில் ஒரு பங்கைக் காட்டும் திருகு அளவியே இதற்குத் தக்க நடுவர். அதன் தலைக்கோலில் அவ்விரு குண்டுகளுக்கும் இடையே மூன்று பிரிவுகள் வேறுபாடு தோன்றும். பழைய குண்டுகளில் ஒன்றை மட்டும் அளந்து அமைந்துவிடுதலும் தவறு. பலவற்றை அளந்து, அவற்றுள் குறைவாகத் தேய்ந்ததன் அளவைக் கொள்ளவேண்டும். தேயும் குண்டு சிறுக்குமேயன்றிப் பெருக்காது. 6.31 எனக் காட்டும் பழைய குண்டு, 6.35 மில்லிமீட்டராகிய கால் அங்குலக் குண்டே; 6 மில்லிமீட்டர்க் குண்டு அன்று.

ஒன்பது குண்டுகளில் ஒன்று உடைந்தால் அவ்வொன்றை மட்டும் வாங்கி இட்டுவிடலாகாதோ? செலவு மிகும் என்று அஞ்சுவோர் இவ்வாறு கேட்பர். சுமையால் ஓர் எஃகுக் குண்டு நசுங்குவது மைக்ரான் கணக்கில்தான். பழைய எட்டுக் குண்டுகளும் இருபது மைக்ரான் தேய்ந்திருக்க, புதியதொன்று முழுப் பருமனோடு உள்ளே புகுந்தால், அது சுமைப்பக்கம் வரும்போதெல்லாம் பிறவற்றின் பங்கையும் தானே சுமக்கும். இதனால் அது பிளக்கும். அல்லது கிண்ணத்தில் குழி பறிக்கும். உடைந்த சில்லு மற்றக் குண்டுகளிடையே சிக்கிக் கூம்பைக் கடிக்கும். சக்கரம் இடையிலே இறுகும். சுமையுந்துகள் விரையும் நெடுஞ்சாலையில், புத்தகப் பையோடு செல்லும் ஒரு சிறுமியின் வண்டிக்கு இது நேர்ந்தால் விளைவு யாதாகும்? ஆதலின் ஒரு பக்கத்துக் குண்டுகளை எல்லாம் ஒருங்கே, ஒரே பெட்டியிலிருந்து எடுத்து மாற்றுதல் வேண்டும். ஒரு சக்கரத்துக்கு வேண்டிய குண்டுகளின் விலை, புதிய குடத்தின் விலையில் சிறு பங்கே ஆகும்.

அளவுக்கு அடுத்தது பொருள். தாங்கிக் குண்டுகளுக்குப் பெரிதும் ஏற்றது, நூற்றுக்கு ஒரு பங்கு கரியும் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு குரோமியமும் கலந்து கடினமாக்கிய எஃகு. அரம் அதன்மேல் வழுக்கிச் செல்லும். ஆயினும் ஈரம் பட்டால் துருவேறும். ஐப்பசி மழையில் நனையும் வண்டிக்குப் புதிய கிரீஸ் இடுதல் இதனால் இன்றியமையாததாகிறது. பாலும் நீரும் எந்நேரமும் புழங்கும் பால்கோவாக் கூடங்களின் தள்ளுவண்டிகளுக்குத் துருவேறாத எஃகு தகும். ஆனால் துருவேறாத எஃகு எல்லாம் ஒரு தன்மையன அல்ல. பாத்திரங்களுக்கு வழங்கும் 304, 316 என்னும் வகைகள் மென்மையானவை. மிகுந்த சுமையில் அமுங்கும். 440சி என்னும் வகை கடினமாக்கத் தக்கது. காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கும், ஒட்டாவிட்டால் துருப்பிடிக்காது என்று கடைகளில் கூறுவது அரைகுறை உண்மை. 440சி வகையிலும் காந்தம் ஒட்டும்.

குண்டின் தரத்தை எண்ணால் குறிப்பர். எண் சிறுத்தால் தரம் உயரும். 100-ஆம் தரக் குண்டின் உருண்டை வடிவில் 2.5 மைக்ரான் வரையும், 10-ஆம் தரத்தில் 0.25 மைக்ரான் வரையுமே பிழை இருக்கலாம். மிதிவண்டிக்கு 100-ஆம் தரமே போதும். தகட்டை அழுத்திச் செய்த கிண்ணத்தில் 10-ஆம் தரக் குண்டை இடுவது, மண்சுவருக்குப் பொற்பூச்சு இடுவதை ஒக்கும்.

சுழலும் உறுப்பில் மட்டுமன்றி, முன்னும் பின்னும் ஓடும் உறுப்புகளிலும் குண்டுகள் உண்டு. மேசை இழுப்பறையின் இருபுறமும் தச்சர் பொருத்தும் 'சேனல்' இவ்வகையது. இழுப்பறை ஒரு முழம் வெளிவந்தால் உள்ளிருக்கும் குண்டு வரிசை அரை முழமே நகரும். பாறைக்கு அடியிலுள்ள உருளைக் கட்டையும் இவ்வாறே பின்தங்குவதைக் காணலாம். குண்டு ஒன்றிரண்டு உதிர்ந்து இழுப்பறை கோணினால், குண்டின் கூடும் தடமும் வளையாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும். வளைந்திருந்தால் புதுக் குண்டு தேடுதல் வீண்.

மிதிவண்டிக்கும் இவ்விதி பொருந்தும். கிண்ணத்தையும் கூம்பையும் மண்ணெண்ணெயால் கழுவி, ஓடுதடத்தை விளக்கொளியில் நோக்குக. குழி தெரிந்தால் அவற்றையும் மாற்றுக. பின்னர்க் கிரீஸ் தடவிக் குண்டுகளை வட்டமாக அடுக்கி, அவை நெருக்கமின்றிச் சிறிது இடைவெளியோடு அமையவிடுக. கூம்பை முறுக்கும்போது அச்சில் ஆட்டமும் இருத்தலாகாது, இறுக்கமும் இருத்தலாகாது. முறுக்கு அளவாக அமைந்ததா என்பதை அறியப் பழைய கடைக்காரர் ஒரு சோதனை செய்வர். சக்கரத்தைத் தரையில் படாதவாறு தூக்கிச் சுழற்றிவிடுவர். அது மெல்ல ஓய்ந்து, சற்றே பின்னும் முன்னும் ஊசலாடி, காற்றடைக்கும் வால்வு கீழே வந்து நிற்குமாயின், அச்சிறு எடைக்கும் சக்கரம் இணங்குகிறது என்று கண்டு வண்டியை உரியவரிடம் கொடுப்பர்.